நான்காவதாக வந்தவளின் முகம்

வாயை ஆவென்று திறந்துவைத்துக்கொண்டு, கடைவாய்ப் பல்லில் துளை போடக் கொடுத்திருக்கும் மனிதர் என்ன பேசிவிட முடியும் என்று நினைப்போம். வியன்னாவிலிருந்து வந்திருந்த அந்தப் பருத்த ஆள் பேசினார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி தன் மேல் குனிந்திருந்த பெண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். மூக்கையும் வாயையும் முகக்கவசம் மூடியிருந்தது. கண் மட்டும்தான் வெளியே. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. கையை உயர்த்தி, "ஆ… ந்யீ… ந்யீங்க…" என்று குழறினார். டாக்டர் கெரெகெஷ் பதறிப்போய்க் கருவியை வெளியே எடுத்தார்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல டாக்டர். இவங்க அந்த நீச்சல்காரம்மாதானே? செல்போன்ல வருவாங்களே!"

சொன்னதோடு விடவில்லை. மரத்துப்போன பாதி வாயோடு செய்தும் காட்டினார். முதலில் இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடி, உலகத்தையே ஜெயித்துவிட்ட சிரிப்பு. பிறகு தலையை மெல்லத் திருப்பி, தூரத்தில் எதையோ படிப்பதுபோல் கண்ணைச் சுருக்கி, சிரிப்பு ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வர, கை மட்டும் இறங்க மறந்து மேலேயே நிற்பது. மரத்த பக்கத்திலிருந்து எச்சில் ஒழுகியது. கிங்கா துடைத்துவிட்டாள்.

"வாயத் திறங்க," என்றாள் ஜெர்மன் மொழியில். அதற்குமேல் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

ஓவார் பல் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். எல்லை தாண்டி வருகிற ஆஸ்திரியர்களின் பல்லை நம்பித்தான் ஊரில் பாதி வீட்டு அடுப்பு எரிகிறது. நாற்பத்தாறு வயது கிங்கா அங்கே கெரெகெஷிடம் உதவியாளராகச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அதற்கு முன்னால் அவள் நீந்திக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் குளத்தில் இறங்கியவள் இருபத்திரண்டில்தான் கரையேறினாள் என்று சொன்னால் மிகையில்லை. விடியுமுன் எழுந்து, தலைமுடியில் குளோரின் காயாமலே பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் மறுபடியும் தண்ணீர். பட்டாம்பூச்சி நீச்சல், இருநூறு மீட்டர். தோள்பட்டையைத் தின்று தீர்க்கிற நீச்சல் அது.

ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் தேசியப் போட்டி புடாபெஸ்டில் நடந்தது. இறுதிச் சுற்றில் அவள் ஐந்தாவது தடம். சுவரைத் தொட்டதும் தலையைத் தூக்கி மின்பலகையைப் பார்த்தாள். நீச்சல் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. தடங்களின் வரிசைப்படி பெயர்கள், பக்கத்தில் யார் எத்தனையாவது என்ற எண். கிங்கா ஒரு வரி மேலே படித்துவிட்டாள். ஒன்று என்ற எண் நாலாவது தடத்துக்காரிக்கு உரியது. கிங்காவின் பெயருக்கு நேரே இருந்தது நான்கு.

நாலு விநாடி அவள் ஒலிம்பிக் போகிறவளாக இருந்தாள். கையைத் தூக்கினாள், தண்ணீரை ஓங்கி அறைந்தாள், மிதவைக் கயிற்றைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒழுங்காகப் படித்தாள்.

அதோடு அவள் நீச்சலை விட்டுவிட்டாள். துக்கத்தால் என்று சொல்ல முடியாது. தோள் வலி, அலுப்பு. அம்மா அழுதாள், கோச் திட்டினார், அப்புறம் எல்லோரும் மறந்தார்கள். ஓவாருக்கு வந்து, பல் சம்பந்தப்பட்ட படிப்பைப் படித்து, திவதாரைக் கட்டிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாள். திவதாருக்கு மனைவி சின்ன வயதில் நீந்தினாள் என்று தெரியும். எவ்வளவு வேகம் என்று தெரியாது. அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

போன வருஷம் ஏப்ரலில் வேலை முடிந்து வந்தவன், காலணியைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று போனை நீட்டினான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறான் அவன்.

"கிங்கா, இது நீதானே? எங்க ஆளுங்க காட்டினாங்க. ருமேனியாக்காரன் ஒருத்தன், 'உன் வீட்டுக்காரிய மாதிரியே இருக்கே'ங்கறான்."

தெப்ரெசென் ஊரில் பழைய விளையாட்டு ஒளிநாடாக்களைச் சேர்த்துவைத்துக் கணினிக்கு மாற்றுகிற ஆசாமி ஒருவர் இருந்தார். அவர் போட்ட முழுப் பந்தயத்தை யாரோ வெட்டி, அவள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி நெருக்கி, நாலைந்து விநாடிக்குச் சுருக்கியிருந்தார்கள். மேலே ஒரு வரி: 'சம்பளம் வந்த அன்று நான், மறுநாள் நான்.' பார்த்தவர்கள் எண்ணிக்கை ஓவாரின் ஜனத்தொகையைப் போல முப்பது மடங்கு.

"நான்தான். போய்க் காலணியக் கழட்டிட்டு வா. தரையெல்லாம் மண்ணு."

"ஒலிம்பிக் போக இருந்தியா நீ? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"போகல. அதனால சொல்லல."

கோடை வந்தபோது அந்த முகம் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. பிரேசிலில் கால்பந்துக்கு, துருக்கியில் தேர்தலுக்கு, அவளுக்குப் பெயரே தெரியாத நாடுகளில் பரீட்சை முடிவுக்கு. ஊரிலும் அதே கதை. ரொட்டிக் கடைக்காரி உப்பு போகாச்சா ரொட்டிகளைப் பொட்டலம் கட்டும்போது, "வெண்ணெய் போட்டது தீந்துடுச்சு கிங்கா. அந்த மூஞ்சியக் காட்டு பாப்போம்!" என்பாள். இறைச்சிக் கடையில் அவள் முறை வருமுன்னே யாராவது கையைத் தூக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவளைக் கண்டதும் கும்பலாக முகத்தைத் தொங்கப்போட்டுக் காட்டிவிட்டு ஓடுவார்கள். கோபம் வந்தால் தேவலை. அவளுக்கு வந்தது அசதிதான். ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவை. அவளுக்கு மட்டும் நூறாவது.

கெரெகெஷ் தன் பங்குக்கு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஆஸ்பத்திரி வாசல் கண்ணாடியில் ஒட்டினார். கைகள் மேலே, பற்கள் பளீரென்று தெரிகிற முதல் பாதி முகம்.

"எடுத்துடுங்க டாக்டர்."

"ஏன் கிங்கா? பல்லப் பாரு, எவ்வளவு நல்லா இருக்கு! இந்த வாரம் புதுசா வந்தவங்க பாதிப்பேர் இதப் பாத்துட்டு வந்தவங்க."

"அது இருபத்திரண்டு வயசுப் பல்லு. இப்ப ரெண்டுல நீங்களே கேப் போட்டிருக்கீங்க."

"அதத்தான நான் படத்துக்குக் கீழ எழுதலாம்னு இருக்கேன்!"

அவள் வாதாடவில்லை. படம் அங்கேயே இருந்தது.

திவதார் அவளுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தான்; 'உண்மையானவ நீ இருக்கும்போது எவனெவனோ உன் பேர்ல நடத்தறான்' என்பது அவன் வாதம். அன்றிலிருந்து செய்திகள் கொட்டின. பெரும்பாலானவை சிரிப்பு. நடுவில் வேறு மாதிரி சிலதும் வந்தன. மிஷ்கோல்ட்ஸ் ஊரிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: ஆறாவது மாசத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது, டாக்டர் ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பியபோது நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், உங்கள் முகத்தைப் பார்த்ததும் அது என் முகம் என்று தெரிந்தது. போர்ச்சுகலிலிருந்து ஒரு கிழவர், மனைவியின் ஆபரேஷன் பற்றி. வீடு கைவிட்டுப் போனவர்கள், கல்யாணம் நின்றவர்கள். எல்லோரிடமும் அந்த இரண்டு முகங்களும், நடுவில் அந்த இடைவெளியும் இருந்தன.

இவர்களுக்குப் பதில் எழுதாமல் இருக்க கிங்காவால் முடியவில்லை. சாப்பாடு ஆனபிறகு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரியாத மொழி என்றால் போனிலேயே மொழிமாற்றிக்கொண்டு, இரண்டு வரி மூன்று வரி எழுதுவாள். 'படித்தேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா?' என்கிற மாதிரி. அதற்கு நன்றி சொல்லி இன்னும் நீளமாக ஒன்று வரும். பகல் முழுக்க அடுத்தவர் வாய். சாயங்காலம் அடுத்தவர் துக்கம். முதுகு இரண்டாகப் பிளந்தது.

"எத்தன பேருக்கும்மா எழுதுவ? நீ என்ன பாதிரியாரா?" என்றான் திவதார்.

"அவங்க என்னையப் பாத்து எழுதறாங்க. நான் என்ன, கண்ண மூடிக்கட்டுமா?"

அக்டோபரில் புடாபெஸ்டிலிருந்து கோர்னேல் என்றொரு பையன் கூப்பிட்டான். தொலைக்காட்சியில் சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்துகிறவன். அந்தப் பழைய பந்தயத்தை மறுபடி நீந்திக் காட்ட வேண்டும்; அதே குளம், அதே தடம், முடிந்தால் அதே முகம். கிங்கா மாட்டேன் என்றாள். மறுநாளும் கூப்பிட்டான், மாட்டேன் என்றாள். அதற்கடுத்த நாள் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவனாகத்தான் இருக்கும் என்று எடுத்தாள். பெண் குரல்.

"ஹேதி பேசறேன்."

"எந்த ஹேதி?" என்றாள் கிங்கா, தெரிந்துகொண்டே.

"எத்தன ஹேதியத் தெரியும் உனக்கு? நாலாவது தடத்து ஹேதி."

அந்தப் பந்தயத்துக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை என்று ஏதும் கிடையாது. ஹேதி ஒலிம்பிக் போனாள், கிங்கா ஓவாருக்குப் போனாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நாலு வருஷம் பயிற்சி முகாம்களில் ஒரே அறையில் தூங்கியவர்கள்.

"அந்த டிவிக்காரன்கிட்ட முடியாதுன்னுட்டியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"களைப்பா இருக்குடி."

"என்ன வேல பாத்துக் களைச்ச நீ? உன் மூஞ்சியில்ல வேல பாக்குது."

ஹேதியே தொடர்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீ வரலன்னா நானும் வேணாமாம். நானே கூப்பிட்டுக் கேட்டேன், வெக்கத்த விட்டு. 'அவங்க இல்லாம உங்கள மட்டும் வெச்சு என்னம்மா பண்றது'ங்கறான். ஜெயிச்சது நான்டி. என் முழங்கை மட்டும் தெரியுது உன் வீடியோல, பாத்தியா? இடது பக்கம், ஓரத்துல. எங்கிட்ட நீச்சல் கத்துக்க வர்ற பச்சப்பிள்ளைங்களோட அம்மாமாருங்க எனக்கே அதக் காட்டிச் சிரிக்கிறாங்க. 'இது என் பந்தயம்'னேன். நம்பல."

"உனக்கு இது இவ்வளவு வேணுமா ஹேதி?"

"வேணும். ஒரு தடவ."

மறுப்பதற்கும் பலம் வேண்டியிருக்கிறது. சரி என்பதற்கு ஒன்றும் வேண்டாம். கிங்கா சரி என்றாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, திவதார் பொரித்த இறைச்சித் துண்டு வைத்த ரொட்டிகளைப் பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டான். நீச்சல்குளக் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே பழைய குளோரின் வாசனை எதிரே வந்து நின்றது. உடை மாற்றும் அறையில் ஹேதி ஏற்கெனவே தயாராக நின்றிருந்தாள். ஒட்ட வெட்டிய முடிக்குச் செம்பட்டைச் சாயம். தோள் இன்னும் கதவு அகலம். மேலிருந்து கீழே கிங்காவைப் பார்த்தாள்.

"இந்த வயிறு எங்கேருந்துடி வந்துது?"

"கல்யாணத்தோட குடுத்தாங்க. உனக்குக் குடுக்கலியா?"

"குடுத்தாங்க. விவாகரத்துல திருப்பிக் குடுத்துட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹேதி தோளைச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டாள். அவள் மூன்று வாரமாக விடாமல் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது கிங்காவுக்குப் பார்த்தாலே தெரிந்தது.

கோர்னேலுக்கு முப்பது வயதுகூட இருக்காது, பணிவான பையன். "இருநூறெல்லாம் வேண்டாம் கிங்கா மேடம், ஒரே ஒரு நீளம், ஐம்பது மீட்டர் போதும். சுவரத் தொடறீங்க, கையத் தூக்கறீங்க, நாங்க 'இப்ப'ன்னதும் போர்டைப் பாக்கறீங்க. அவ்வளவுதான்." கேமராக்கள் எல்லாம் ஐந்தாவது தடத்தின் சுவருக்கு எதிரே நின்றன.

"நான் எப்ப தொடணும்?" என்று கேட்டாள் ஹேதி.

"நீங்க… கொஞ்சம் முன்னாடி. உங்க இஷ்டம்."

குதித்தார்கள். கிங்கா பட்டாம்பூச்சி போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கை நினைவு வைத்திருந்தது, மூச்சு வைத்திருக்கவில்லை. பாதி தூரத்தில் நெஞ்சு எரிந்தது. அவள் சுவரைத் தொட்டபோது ஹேதி எப்போதோ தொட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கேமராக்கள் இருந்த திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராக்கள் கிங்காவைப் பார்த்தன. அவள் கையைத் தூக்கினாள். 'இப்ப' என்றார்கள். திரும்பினாள்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா சிரிப்பு வரல. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை. ஹேதி மறுபடியும் உயிரைக் கொடுத்து நீந்தினாள், மறுபடியும் ஜெயித்தாள். இந்தத் தடவை சிரிப்பு வந்தது. கை சரியாக இல்லை. மூன்றாவது தடவை கையும் சிரிப்பும் வந்தன, முகம் விழவில்லை. "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு கை நழுவிப் போறதா நினைச்சுக்குங்க," என்றான் பையன். கிங்கா நினைத்துப் பார்த்தாள். சாயங்காலம் ஐந்து மணி ரயில்தான் நினைவுக்கு வந்தது.

"ஹேதி, நீ சும்மா மெதுவா வாடி. உன்னைய யாரு நேரம் பாக்கறா?" என்று கயிற்றின் மேல் சாய்ந்து சொன்னாள்.

"நான் பாக்கறேன்," என்றாள் ஹேதி. உதடு வெளுத்திருந்தது.

நாலாவது தடவை கிங்கா எந்த முயற்சியும் இல்லாமல் நீந்தினாள். உடம்பு தானாகப் போயிற்று. சுவரைத் தொட்டு, சொன்னபடி கையைத் தூக்கி, சொன்னபடி சிரித்து, பக்கத்துத் தடத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது. அவள்தான் முதலில் தொட்டிருக்கிறாள். ஹேதியை அவள் ஒருநாளும் முந்தியதில்லை. திரும்பிப் பார்த்தாள். குளத்தின் நடுவே, மிதவைக் கயிற்றில் முகத்தைப் பதித்து, ஒரு கை தண்ணீருக்குள் செத்த மீனாகத் தொங்க, ஹேதி கிடந்தாள். தோள் விட்டுப்போயிருந்தது.

"இதான்! இதான் மேடம்! அப்படியே இருங்க!" என்று கோர்னேல் கத்தினான்.

கிங்கா அப்படியே இருக்கவில்லை. கயிற்றுக்கு அடியில் நுழைந்து நடுக்குளத்துக்குப் போனாள். ஹேதியின் இடுப்பில் கைகொடுத்து, மல்லாக்கச் சாய்த்து, தன் நெஞ்சின்மேல் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு கரைக்கு இழுத்து வந்தாள். ஹேதி திமிறவில்லை. "விடுடி, நானே வருவேன்," என்று சொல்ல மட்டும் சொன்னாள்.

உடை மாற்றும் அறையில் ஹேதியால் கையைத் தூக்க முடியவில்லை. கிங்கா அவளுக்குத் தலை துவட்டி, கம்பளிச் சட்டையை ஒரு கை ஒரு கையாகப் போட்டுவிட்டாள். வெளியே யாரோ கதவைத் தட்டி, டாக்டர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

"நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும்," என்றாள் ஹேதி, பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி. "எனக்குத் தூரத்துல இருக்கறது தெரியாது. உனக்கு ஞாபகம் இருக்கா? பஸ் நம்பர்கூட நீதான் படிச்சுச் சொல்லுவ."

"ஞாபகம் இருக்கு."

"அன்னிக்குச் சுவரத் தொட்டுட்டுத் தலையத் தூக்கினேன். போர்டு எனக்கு வெறும் மஞ்சள் புகை. சரி, யாராவது சொல்லுவாங்கன்னு பக்கத்துல பாத்தேன். நீ குதிக்கற. தண்ணிய அடிக்கற. கயித்துக்கு முத்தம் குடுக்கற. போச்சு, இவ ஜெயிச்சுட்டான்னு நினைச்சேன். எல்லாம் முடிஞ்சுதுன்னு அப்படியே நின்னேன்."

கிங்கா துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம் உன் மூஞ்சி விழுந்துச்சு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் ஜெயிச்சது எனக்கு உன் மூஞ்சியப் பாத்துத்தாண்டி தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எப்படிச் சந்தோஷப்படறது? நான் கையத் தூக்கலாம்னா, நீ தூக்கின கை இன்னும் இறங்கல. ஒலிம்பிக்ல முதல் சுத்துலயே வெளிய வந்தேன். ஆக எனக்குன்னு இருந்தது அந்த ஒரு சந்தோஷம். அதையும் நீ பட்டுட்ட. இப்ப ஊரு உலகமெல்லாம் அதப் பாக்குது, உன் மூஞ்சியில."

ஷவர் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. கிங்காவுக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை; எதற்கென்று கேட்பது? அவள் போய் ஷவரை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

"அது உன்னோடதுன்னு எனக்கும் தெரியாதுடி," என்றாள். "படும்போது என்னோடதுன்னுதான் நினைச்சேன்."

ஹேதி நிமிர்ந்து பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவள் மூக்கிலிருந்து வந்தது. பிறகு, "அந்தப் பொட்டலத்துல என்ன?" என்று கேட்டாள். திவதார் கட்டிக் கொடுத்த ரொட்டி எல்லாவற்றையும் ஹேதி இடது கையாலேயே தின்று தீர்த்தாள். கிங்கா ஐந்து மணி ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில் போனாள்.

நிகழ்ச்சி கிறிஸ்துமஸுக்கு முன்பு வந்தது. நாலாவது தடவை எடுத்த முகத்தைப் போடவில்லை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை, கலக்கமாக இருக்கிறது என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்களாம். கோர்னேல் வருத்தத்தோடு தெரிவித்தான். பழைய துண்டையே ஓட்டி, நடுவில் இரண்டு நடுவயதுப் பெண்கள் குளத்தில் குதிப்பதைக் காட்டி, பின்னால் குதூகலமான இசை போட்டிருந்தார்கள். ஹேதியின் பெயர் எழுத்துப் பிழையோடு ஒரு நொடி வந்து போனது.

அன்று சாயங்காலம் கிங்கா வந்த செய்திகளுக்குப் பதில் எழுதவில்லை. தெப்ரெசென் ஆசாமியின் முகவரியைத் தேடிப்பிடித்து, முழுப் பந்தயமும் வேண்டும், வெட்டாதது வேண்டும் என்று எழுதினாள். அவர் மகிழ்ந்துபோய் மறுநாளே அனுப்பினார். மூன்று பக்கத்துக்குத் தன் சேகரிப்பைப் பற்றியும் எழுதியிருந்தார்.

திவதார் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். எட்டுத் தடங்களும் தெரிந்தன. கடைசி ஐம்பதில் நாலாவது தடம் மற்ற எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டுப் போனதுபோல் போயிற்று. சுவர். தலைகள் எழுந்தன. ஐந்தாவது தடத்துப் பெண் கையைத் தூக்கிக் கூத்தாடினாள். அவளுக்கு இடப்பக்கம், சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி, கயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் பொறாமை இல்லை. அடித்துப்போட்ட அமைதி. பின்பு மெல்ல, மிக மெல்ல, அந்த முகத்துக்குள் ஏதோ ஒன்று தெரியவந்தது. தெரியவந்த உடனேயே அவள் அதை அடக்கிக்கொண்டு, பார்வையைத் தண்ணீருக்குத் திருப்பினாள்.

"யாரது?" என்றான் திவதார்.

"ஜெயிச்சவ."

ஹேதியைக் கூப்பிட்டு, இதைத் தன் பக்கத்தில் போடட்டுமா, உன் பெயரோடு, என்று கேட்டாள். ஹேதி யோசிக்கவே இல்லை.

"வேணாம். என் மூஞ்சியையும் வெட்டி எடுத்து, மேல ஏதாவது எழுதி விளையாடுவானுங்க. அன்னிக்கு நாலு தடவ நீந்தினது போதும்டி எனக்கு. எனக்கு மட்டும் அனுப்பு."

கிங்கா அனுப்பினாள். ஹேதியிடமிருந்து பதில் வரவில்லை.

ஜனவரியில் எங்கேயோ ஒரு வாத்து ஏணியில் ஏறப் பார்த்து விழுந்தது, யாரோ அதைப் படம் பிடித்தார்கள். உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. ரொட்டிக் கடைக்காரியும் வாத்துக்கு மாறினாள். கெரெகெஷ் கண்ணாடியிலிருந்த படத்தை வெயில் வெளுக்கவைத்ததும் தானாகவே கிழித்துவிட்டு, சலுகை விலையை ஒட்டினார். எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். மிஷ்கோல்ட்ஸ் பெண் மட்டும் அவ்வப்போது எழுதினாள். பூச்செடி வைத்திருக்கிறேன் என்றும், மறுபடி வேலைக்குப் போகிறேன் என்றும். கிங்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அசதி போகவில்லை. அது அந்த வீடியோவுக்கு முன்பிருந்தே அங்கே இருந்திருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூப்புக்கு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பாத்தேன்," என்றாள் ஹேதி, எடுத்ததும்.

"இப்பத்தானா?"

"இவ்வளவு நாள் தைரியம் வரல. நேத்துப் பாத்தேன். முந்தாநேத்தும் பாத்தேன்னு வெச்சுக்கோ."

கிங்கா கத்தியை வைத்துவிட்டாள். அந்த முகத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

"மூணாவது திருப்பத்துக்கப்புறம் நான் கால் அடிக்கறதப் பாத்தியா?" என்றாள் ஹேதி.

"காலா?"

"ஆமாடி. மத்தவளுங்க எல்லாம் அங்க செத்துட்டாளுங்க. நான் அங்கதான் ஆரம்பிக்கறேன். இடுப்பு எவ்வளவு மேல இருக்கு பாரு. நம்ம கோச் என்னைய ஒருநாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்லையா, நானும் ஏதோ தட்டுத்தடுமாறி ஜெயிச்சுட்டேன்னே நினைச்சுட்டிருந்தேன். நல்லா இருந்துது, இல்ல?"

"நல்லா இருந்துது."

"நல்லாவா? பிரமாதம்டி! உனக்கு என்ன தெரியும், நீ பின்னாலல்ல இருந்த. இரு, முதல்லேருந்து சொல்றேன். குதிச்சதுமே..."

கிங்கா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் சூப்பு கொதித்தது; திவதார் எட்டிப் பார்த்து, யார் என்று சைகையில் கேட்டான். அவள் கையைக் காட்டி அவனையே கிழங்கைச் சீவச் சொன்னாள். அந்தப் பக்கம் ஹேதி இரண்டாவது ஐம்பதுக்கு வந்திருந்தாள்.